மூக்குத்தியும் நிக்கல் ஃப்ரீ பட்டனும்

33 வயசுல மூக்கு குத்தப் போறேன்னு சொன்னதும் எங்கம்மா, "ஏன் அம்மிணி, கண்ணாலத்துக்கு முன்னாடி குத்திக்கடின்னு தலைகீழா நின்னனே, அப்ப வராத ஆசை இப்ப எங்கிருந்து வந்துச்சு"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானுங்க. எங்கிட்டத்தான் நல்ல பதில் இல்ல. போன வருசம் அமுச்சி, அம்மாவோட அம்மா, தவறிட்டாங்க, அவங்க போட்டிருந்த எட்டுக்கல்லு பேசரி மூக்குத்தி எனக்குன்னு வந்துச்சு, சின்ன டப்பாவுல பஞ்சு வெச்சு அம்மா கையில குடுத்தப்ப, இதை பீரோவுக்குள்ள போட்டுப் பூட்டறதுக்கு என்ற மூக்குலயே போட்டா என்னன்னு தோணுச்சு. அவ்வளவுதான் கதை.

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசர், ஆர்டரை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாத்துக்கற வேலை. எங்களோடது முக்காவாசி கொழந்தை துணி. ரோம்பர்னு ஒத்தைத் துணியா கொழந்தைக்கு மாட்டி விடறதுக்கு அடியில அமுத்தி மூடற ஸ்நாப் பட்டன் ஒண்ணு இருக்குமில்லீங்களா, அந்த ஒத்தைப் பட்டனுக்கு நான் எத்தனை மெயில் போடுவேன்னு எனக்குத்தான் தெரியும். நிக்கல் சில பேர் தோலுக்கு ஒத்துக்காத உலோகம், அதனால நிக்கல் ஃப்ரீ டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம ஆர்டர் நகராது. ஐரோப்பாவுல தோல் மேல நேரம் கழிச்சுப் படற பொருள்ல இருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல நிக்கல் கசியக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. காது மூக்குன்னு ஓட்டை போட்டுச் சொருகற நகைக்கு அது இன்னும் கம்மி, 0.2 தான். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அப்பறம் நீடில் ரிஜிஸ்டர். தையல் மெஷின்ல ஊசி ஒடைஞ்சா எல்லாத் துண்டையும் தேடிப் புடிச்சு ரிஜிஸ்டர்ல ஒட்டினாத்தான் புது ஊசி. ஒரு துண்டு கெடைக்கலைன்னா அந்த லாட்டையே நிறுத்தி மெட்டல் டிடெக்டர்ல விடோணும்.

இப்படிப்பட்ட ஆளு, தை மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை ஈரோட்டுல ஒரு நகைக்கடைக்குள்ள போயி உக்காந்து, ஒரு கேள்வி கேக்காம மூக்கைக் காட்டுனேன்.

கேக்கணும்னு தோணவே இல்லீங்க, அதுதான் இப்பவும் ஆச்சரியமா இருக்கு. நகைக்கடைன்னா தங்கம், தங்கம்னா சுத்தம்னு மண்டையில பதிஞ்சு போயிருக்கு போல. அந்தத் தம்பி ஸ்கெட்ச் பேனாவுல ஒரு புள்ளி வெச்சாரு, ஸ்பிரிட் பஞ்சால தொடச்சாரு, மூக்கு குத்தறதுக்கு துப்பாக்கி மாதிரி ஒரு கன் வெச்சிருந்தாரு, அதே பஞ்சால அதையும் ஒரு தொட தொடச்சாரு. டக்குன்னு ஒரு சத்தம். வலின்னு பாத்தா ஒரு நொடிதான், ஆனா இடது கண்ணுல மட்டும் தண்ணி பொலபொலன்னு கொட்டுது, நான் அழுகறேன்னு எங்கூட்டுக்காரர் நெனச்சுக்கிட்டு தண்ணி பாட்டிலைத் தேடறாரு. அழுகை இல்லீங்க அது, மூக்குக்கும் கண்ணுக்கும் ஒரே ட்ரைஜெமினல் நரம்புதான் போகுது, மூக்கைச் சீண்டினா கண்ணு தானா தண்ணி விடும்.

அந்த கன் சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்லிப்போடறேன், ஏன்னா இது தெரிஞ்சிருந்தா நான் அங்க போயிருக்க மாட்டேன். கன்னுல ஊசியே கிடையாதுங்க. கம்மல் மாதிரி இருக்கற அந்த ஸ்டட்டோட முனையையே ஸ்பிரிங் வேகத்துல சதைக்குள்ள அடிச்சு எறக்கறது. ஊசி அளவுக்கு அதுக்குக் கூர் இல்ல, அதனால வெட்டிக்கிட்டுப் போகாம நசுக்கிக்கிட்டுத்தான் போகும். காதோட கீழ்ச்சதை மெத்துன்னு இருக்கும், தாங்கிக்கும். மூக்கு மடல் அப்படி இல்ல. அதுவும் போக, பிளாஸ்டிக் பாடி கன்னை நீராவியில கிருமியைக் கொல்ற ஆஸ்பத்திரி ஆட்டோகிளேவ்ல போட்டா உருகிப் போயிரும், அதனால மேலாப்புல தொடைக்கறதோட சரி. ஊசியில குத்தறதுன்னா நடுவுல ஓட்டை இருக்கற ஊசி, ஒரு ஆளுக்கு ஒண்ணு, கவரைக் கண்ணு முன்னாடி பிரிச்சு, வேலை முடிஞ்சதும் தூக்கி எறியறது. அமுச்சிக்கு ஆசாரி ஊட்டுக்கே வந்து, மெல்லுசான தங்கக் கம்பியை மொனை தீட்டி ஒரே குத்தா குத்தி அப்படியே வளைச்சு விட்டுட்டுப் போனாராம். கன்னை விட அது எவ்வளவோ மேல்னு இப்பத் தோணுது.

கடையில சொல்லி அனுப்பிச்சது ரெண்டே ரெண்டு. தெனமும் திருகி விடுங்க, தேங்காண்ணெய் வெய்யுங்க. ரெண்டும் தப்பு! அது தெரியாம ரெண்டையும் ஒண்ணரை மாசம் சிரத்தையா செஞ்சேன்.

ஊருக்குப் போனா இன்னும் கூத்து. எங்கூரு கொடுமுடிப் பக்கம், எங்கப்பா மஞ்சக்காட்டுக்காரர். மாசி மாசம் களத்துல மஞ்சளை வேக வெச்சுக் காய வெச்சு டிரம்முல போட்டு பாலிஷ் போடற சமயம், ஊடே மஞ்சத்தூளா இருக்கும், காப்பி டம்ளருக்குள்ள கூட மெதக்கும். அம்மா கொஞ்சம் மஞ்சளைத் தேங்காண்ணெயில கொழச்சுக் கொண்டாந்து, "வெய்யி கண்ணு, ரெண்டு நாள்ல ஆறிரும்"னாங்க. போன்ல எங்கியோ படிச்சதை வெச்சு வேண்டாம்மான்னு மொனகுனேன். அதுக்கு எங்கப்பா திண்ணையில இருந்தே, "2019ல ஈரோட்டு மஞ்சளுக்கு புவிசார் குறியீடே குடுத்துட்டான், உன்ற மூக்குக்கு ஆவாதாக்கு?"ன்னு ஒரு போடு போட்டாரு. அதுக்கு மேல என்ன பேசறது, வெச்சுக்கிட்டேன்.

மஞ்சள் கெடுதின்னு நான் சொல்ல வரலீங்க, அந்தப் பணத்துலதான் நான் படிச்சதே. ஆனா மேலாப்புல செராய்ச்ச காயம் வேற, உள்ளுக்குள்ள ஒரு கம்பி நின்னுக்கிட்டே இருக்கற ஓட்டை வேற. மஞ்சளும் எண்ணெயும் காஞ்சு கம்பியைச் சுத்திப் பொருக்காப் புடிச்சுக்கும், உள்ள இருந்து வர்ற தண்ணி வெளிய வராம அடைச்சுக்கும், திருகறப்ப அந்தப் பொருக்கே உள்ள போயி அராவும். எனக்கு அப்படித்தான் ஆச்சு.

அப்பறம் பங்குனி. ஈரோடு பெரிய மாரியம்மன் நோம்பி. கோயில் முன்னாடி நட்ட கம்பத்தை எடுக்கற அன்னைக்கு மஞ்சத்தண்ணி ஊத்தி வெளையாடறது தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெருவே மஞ்சளா இருக்கும். நான் மூக்கைப் பொத்திக்கிட்டு, எனக்கு அண்ணி முறை ஆகற நங்கையா ஊட்டு மாடியில ஒளிஞ்சிருந்தேன். நங்கையா பையன் பத்து வயசு, அவனுக்கு என்ன தெரியும் பாவம், ஒரு குண்டாவைக் கொண்டாந்து நேரா மூஞ்சியிலயே. அந்தத் தண்ணி எந்தத் தொட்டியில புடிச்சதோ சாமிக்கே வெளிச்சம்.

நாலாவது நாள் மூக்குத்தி ஓரத்துல செவப்பா ஒரு கட்டி, மொளகு சைசுல. தொட்டா ரத்தம் கசியுது. ஆபீஸ்ல ஆளாளுக்கு வைத்தியம். ஒருத்தி சுண்ணாம்பு வெய்யிங்கறா, ஒருத்தி டூத்பேஸ்ட்டுங்கறா, செக்கிங் அக்கா ஒருத்தவங்க மட்டும், "கழட்டி எறியுங் மேடம்"னாங்க. ராத்திரி கூகுள்ல படம் பாத்து கெலாய்டுங்கற தடிச்ச தழும்புன்னு முடிவே பண்ணி, அமுச்சி பேசரியை நெனச்சு நெசமாவே அழுதுட்டேன், இந்தத் தடவை ரெண்டு கண்ணுலயும்.

திருப்பூர்ல ஒரு தோல் டாக்டரம்மாகிட்ட போனேன். பாத்த ஒடனே சொல்லிட்டாங்க, இது கெலாய்டு இல்ல, உறுத்தி உறுத்தி வந்த கட்டின்னு. கெலாய்டுன்னா காயத்தோட எல்லையைத் தாண்டி வளந்துக்கிட்டே போகுமாம், தானா வத்தாதாம். இது உறுத்தலை நிறுத்துனா வத்திரும். என்ன போடறீங்கன்னு கேட்டாங்க. தேங்காண்ணெய், மஞ்சள், ஸ்பிரிட், நடுவுல ரெண்டு நாள் நியோஸ்போரின் பவுடர்னு நான் வரிசையாச் சொல்லச் சொல்ல அவங்க பேனாவை மூடி கீழ வெச்சுட்டாங்க.

அவங்க எழுதிக்குடுத்தது ஒரே ஒரு ஐட்டம். நார்மல் சலைன். குளுக்கோஸ் ஏத்தற மாதிரி மெடிக்கல்ல 100 எம்.எல். பாட்டில்ல கெடைக்குமே, 0.9 சதவீத உப்புத்தண்ணி, அதேதான். நம்ம ஒடம்புத் திரவத்துல இருக்கற உப்பு அளவுக்கு ஒத்துப்போறதால எரியாது. காலைல ஒருக்கா ராத்திரி ஒருக்கா, கையை சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டு, காஸ் துணியில நனைச்சு ரெண்டு நிமிசம் மேல வெச்சு எடுத்தா பொருக்கு தானா ஊறிக் கழண்டு வரும், நகத்துல பேத்தெடுக்கக்கூடாது. பஞ்சு வேண்டாம்னாங்க, நூல் போயி கம்பியில சுத்திக்கும். ஒடைச்ச பாட்டிலை மறுநாளைக்கு வெச்சுக்க வேண்டாம்னாங்க. திருகவே கூடாது, அதுதான் முக்கியம். உள்ள புதுசா ஒரு மெல்லிசுத் தோல் வளருது, திருகத் திருக அதைப் பிச்சுப் பிச்சு விடறோம். மத்தபடி ஒண்ணும் போடாதீங்க, சும்மா விடுங்கன்னாங்க.

ஒண்ணும் போடாம சும்மா இருக்கறதுதாங்க நம்மூர்ல கஷ்டம். காயம்னா எதையாச்சும் வெச்சே ஆவணும்.

இன்னொண்ணும் கேட்டு வெச்சுக்கிட்டேன். காயத்துல வெளுப்பா, வெளிர் மஞ்சளா தண்ணி மாதிரி வந்து காஞ்சா அது சாதாரணம். பச்சையாச் சீழு, சுத்திலும் சூடு, செவப்பு பரவிக்கிட்டே போகுது, காய்ச்சல்னா ஒடனே டாக்டர்கிட்ட போயிரோணும், நாமளா மூக்குத்தியைக் கழட்டவும் கூடாது. கழட்டுனா வாய் மூடிக்கிட்டு சீழு உள்ளயே நின்னுக்குமாம்.

கெளம்பறப்ப டாக்டரம்மா சாதாரணமா கேட்டாங்க, "இந்த ஸ்டட் என்ன மெட்டல்?"

தங்கம்னு சொல்ல வாயெடுத்தேன். கடைக்காரர் தங்கம்னு சொல்லவே இல்லைங்கறது அப்பத்தான் உறைச்சுது. பில்லை எடுத்துப் பாத்தா மெட்டல் பேரே இல்ல. மேல தங்க முலாம், ஓரத்துல முலாம் தேஞ்சு வெள்ளையா எட்டிப் பாக்குது, உள்ள நிக்கல் இருக்கா இல்லையா யாருக்குத் தெரியும். எவனோ ஒரு வெள்ளைக்காரக் கொழந்தையோட பட்டனுக்கு ரிப்போர்ட் கேட்டு சப்ளையரை அலைய விட்டவ, என்ற மூக்குல இருக்கறது என்னன்னு ரெண்டு மாசமா கேக்கல. கார்ல வர்றப்ப சிரிப்பு வந்துருச்சு எனக்கு.

அடுத்த சனிக்கிழமை கோயமுத்தூர்ல ஊசியில குத்தற ஒரு ஸ்டுடியோவுக்குப் போயி இம்ப்ளாண்ட் கிரேட், அதாவது ஒடம்புக்குள்ள வெக்கற தரத்து டைட்டானியம் மாத்திக்கிட்டேன். அதுக்கு ஏஎஸ்டிஎம் எஃப்136னு ஒரு தர ஸ்பெக் இருக்கு, அந்த சர்டிபிகேட்டைக் காட்டுங்கன்னு நான் கேட்டதுல அந்தப் பொண்ணு மெரண்டு போயிருச்சு, ஆனா எடுத்துக் காட்டுச்சு. தங்கத்துலயே போட்டுக்கறேனேன்னு கேட்டேன். நம்ம 916 தங்கம், அதாவது 22 கேரட்டு, மெத்துன்னு இருக்கறதால சீக்கிரம் கீறல் விழுமாம், அந்தக் கீறல் ஆறாத புண்ணை அராவுமாம், ஆறுறதுக்கு முன்னாடி தங்கம்னா 14 கேரட்டு இல்லாட்டி 18 கேரட்டுதான்னு சொல்லுச்சு.

மூணு வாரத்துல கட்டி கடுகு சைசு, ஆறு வாரத்துல காணோம். ஆனா வெளிய ஆறுன மாதிரி தெரிஞ்சாலும் உள்ள ஆற நாலு மாசத்துல இருந்து ஆறு மாசம் ஆகும், சிலருக்கு ஒரு வருசம்கூட. அது ஆறுற வரைக்கும் காயத்தை விட பெரிய எதிரி துண்டும் டி-ஷர்ட்டும்தான். எங்க ஸ்பெக் ஷீட்ல மினிமம் நெக் ஸ்ட்ரெட்ச்னு ஒரு அளவு இருக்கும், தலை நுழையற அளவுக்குக் கழுத்து இழுபடுதான்னு பாக்கறது. அதுல மூக்குத்தி போட்ட மூக்குக்கு அலவன்ஸே கிடையாதுங்க. ரெண்டு தடவை மாட்டி உசுரு போயி வந்துச்சு, அப்பறம் ஆறு மாசமும் முன்னாடி பட்டன் வெச்ச சட்டை, சுடிதார்தான். மொகத்தைத் துடைக்க டிஷ்யூ.

இப்ப புரட்டாசி. போன வாரம் பேசரியைத் தூக்கிக்கிட்டு பெரியகடை வீதிப் பக்கம் ஒரு ஆசாரிகிட்ட போனேன். லென்ஸ்ல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "கல்லெல்லாம் ஜோரா இருக்குதுங், ஆனா தண்டு அந்தக் காலத்துத் தடிமன், உங்க ஓட்டைக்கு எறங்காது"ன்னாரு. அமுச்சிக்கு வருசக்கணக்கா அந்தக் கனத்தைத் தாங்கித் தாங்கி ஓட்டை பெருசாயிருந்துச்சு. தண்டை மட்டும் மெல்லுசா மாத்தி, திருகாணியும் புதுசாப் போட்டுத் தர்றேன்னாரு.

"என்ன கேரட்டுல போடுவீங்"னு கேட்டேன். 18ன்னாரு. "கலக்கறது என்னங், நிக்கல் இருக்குமா?"ன்னேன்.

ஆசாரி லென்ஸைக் கழட்டி வெச்சுட்டு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. "வெள்ளியும் செம்பும்தானுங். நீங்க என்ன வேலை பாக்கறீங்?"