ஆகஸ்ட் 1 வரைக்கும்

மே 8, 2025, வியாழன்
மீனாட்சி கல்யாணம். டிவி முன்னால் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றிக்கொண்டேன். மஞ்சள் கை காய்வதற்குள் அத்தை கேட்டுவிட்டார்: "சின்னவனுக்கு இங்கிலீஷ் ஸ்கூல் வேன் சொல்லியாச்சா?"

மே 13, செவ்வாய்
அழகரைப் பார்க்க வந்த மதினி இன்னும் கிளம்பவில்லை. அவள் மகள் திண்ணையில் நின்று இங்கிலீஷில் பாட்டுச் சொன்னாள். தெருவே கூடிக் கேட்டது. என் பெரியவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இவளுக்கும் வாய் இருக்கு, வழிதான் இல்லை" என்று மதினி சொன்னாள். இரவு முழுக்க அந்தச் சொல்தான்.

மே 20, செவ்வாய்
எதிர்வீட்டில் வருமானச் சான்று வாங்கி வைத்துக்கொண்டு தினமும் பிரவுசிங் சென்டருக்கு நடக்கிறார்கள். தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று கல்வி உரிமைச் சட்டம் ஒதுக்கிய 25 சதவீத இடத்துக்கான விண்ணப்பம் இந்த வருஷம் இன்னும் திறக்கவேயில்லை. தமிழ்நாட்டுக்கான கல்விப் பணம் 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்திருக்கிறது, பி.எம்.ஸ்ரீ என்ற அவர்களுடைய பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போட்டால்தான் தருவார்களாம். சண்டை மேலே, காத்திருப்பது எங்கள் தெரு.

அந்தப் பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்திருக்கிறது. எல்.கே.ஜி.யில் சேர்த்தால் எட்டாம் வகுப்பு வரை அரசே பீஸ் கட்டும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மூன்று வயதில் வேன் ஏறிப் பழகிய பிள்ளை ஐந்து வயதில் இறங்கி நம் அரசுப் பள்ளிக்கு நடந்து வருமா? நம் பள்ளியில் எல்.கே.ஜி. கிடையாது. பிள்ளைகள் ஒழுகிப்போவது அங்கேதான்.

மே 27, செவ்வாய்
பெரியவளின் பழைய கணக்கு நோட்டை எடுத்தேன். 52-இல் 27 போனால் 35 என்று போட்டிருக்கிறாள். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டாள். அடுத்த கணக்கும் அப்படியே, அதற்கடுத்ததும். பக்கம் முழுக்க ஒரே தப்பு, அழகான கையெழுத்தில். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையே இல்லை. யாரும் பார்க்கவில்லை.

கடன் வாங்கிக் கழிப்பதைப் புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்ததும் அரை மணியில் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்கு அறிவு இருக்கிறது. பக்கத்தில் உட்கார ஆள்தான் இல்லை.

டீச்சரைத் திட்ட மனசு வரவில்லை. ஒரே அறையில் இரண்டு வகுப்பு. நடுவில் எமிஸ் என்ற கல்வித் துறைக் கணினிப் பதிவில் வருகைப் பதிவு, பயிற்சிக்குப் போவது, வாக்காளர் பட்டியல் வேலை. எந்த நேரத்தில் நோட்டைப் பார்ப்பார்?

வீட்டுக்காரரிடம் நோட்டைக் காட்டினேன். "இதுக்குத்தான் தனியார் பள்ளியில போடலாம்னு நான் சொல்றேன்" என்றார். நான் சொல்ல வந்தது அது இல்லை.

ஜூன் 2, திங்கள்
சின்னவனை நம் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். அத்தை பேசவில்லை.

ஜூன் 4, புதன்
அத்தை பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

ஜூன் 10, செவ்வாய்
அந்தப் பணத்தில் 25 சதவீத இடத்துக்கான பங்கைத் தனியாகப் பிரித்து விடுவிக்கப் பரிசீலிக்கும்படி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். எதிர்வீட்டில் மறுபடியும் பிரவுசிங் சென்டர்.

ஜூன் 19, வியாழன்
பெரிய டீச்சர் வாசலில் கூப்பிட்டு நிறுத்தி மெதுவாகச் சொன்னார். இப்போது பள்ளியில் 57 பேர். போன வருஷம் 66. அறுபது வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று, அதுதான் கணக்கு. ஆகஸ்ட் 1 அன்று எத்தனை பேரோ அதை வைத்துத்தான் பணியிடம். குறைந்தால் மூன்றாவது டீச்சர் 'உபரி', பணி நிரவலில் வேறு ஊர்.

ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! அதில் ஒருவர் மீட்டிங் போனால் ஒருவர். இதைக் கேட்டால் எவர் பிள்ளையைச் சேர்ப்பார்? பிள்ளை போனதால் டீச்சர் போகிறார், டீச்சர் போனதால் இன்னும் நாலு பிள்ளை போகிறது, கடைசியில் 'பெற்றோருக்கு ஆர்வமில்லை' என்று எழுதிப் பூட்டிவிடுவார்கள். வகுப்புக்கு ஒரு ஆள் கொடுத்துவிட்டு அப்புறம் எண்ணிப் பார்க்கட்டும். முதலில் எண்ணிவிட்டு ஆளைப் பிடுங்குவது என்ன நியாயம்?

வேனில் போகும் பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லோர் வீட்டுக்கும் போகப்போகிறேன்.

ஜூன் 24, செவ்வாய்
"உன் புருஷனே இன்னும் சம்மதிக்கலையாமே?" ஒரு வீட்டில் கேட்டது. பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்
58.

ஜூலை 8, செவ்வாய்
அவர் பீஸ் விசாரித்து வந்திருக்கிறார். இரண்டு பிள்ளைக்கும் முதல் டெர்ம் 31,000, வேன் தனி. நகையை வைக்கலாம் என்கிறார். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நள்ளிரவு மூட்டை தூக்கி வரும் மனுஷர். "என்னைப் போல ஆகிடக் கூடாது" என்று சொல்லும்போது குரல் உடைந்துபோனது. இதற்கு எதிராக என்ன பேசுவது? அவர் பயமும் நியாயம்தான்.

ஆகஸ்ட் 1 வரை பொறுங்கள் என்றேன். சரி என்றார்.

ஜூலை 15, செவ்வாய்
காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். பெரியவள் மைக்கில் பேசினாள். பயப்படவேயில்லை. தூணைப் பிடித்து நின்றவளா இவள்! அவர் தூங்காமல் வந்து பின்னால் நின்று கேட்டார்.

காலையில் கிச்சடியும் சாம்பாரும். 2022-இல் மதுரை நெல்பேட்டையில் இந்தக் காலை உணவைத் தொடங்கி வைத்தபோது இது நம் ஊருக்கெல்லாம் வருமா என்றிருந்தேன், வந்துவிட்டது. கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள், இறந்த மகள் பெயரில் 1.52 ஏக்கரை அரசுப் பள்ளிக்கே எழுதிக் கொடுத்தார். தட்டு வருகிறது, நிலம் வருகிறது. ஒரு டீச்சரை மட்டும் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்
59. எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். முக்கால்வாசி பேர் பெற்றோர்தான், ஆனாலும் கையெழுத்துக்கு இவ்வளவு தயக்கம்.

ஜூலை 28, திங்கள்
கிழக்குத் தெரு அக்கா மகனும் மகளும் வந்துவிட்டார்கள்! வேன் பீஸ் கட்ட முடியவில்லை என்று அக்கா அழுதார். அழாதீங்கக்கா, உட்காருங்க என்று காப்பி கொடுத்தேன். 61. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஜூலை 30, புதன்
61 இல்லை. எமிஸில் 59தான் காட்டுகிறது. பழைய பள்ளி இரண்டு பிள்ளைகளையும் காமன் பூலில், அதாவது வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலில், விடவில்லை. பாக்கி பீஸைக் கட்டினால் விடுவார்களாம். பிள்ளைகள் இரண்டும் வகுப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கின்றன, கணினியில் மட்டும் வேறு பள்ளியில் இருக்கின்றன.

டி.சி. இல்லாவிட்டாலும் சேர்க்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறதே என்று பெரிய டீச்சரிடம் கேட்டேன். சேர்த்தாயிற்று, எண்ணிக்கையில் வர வேண்டுமே என்றார்.

நாளை காலை முதல் பஸ்ஸில் வட்டாரக் கல்வி அலுவலகம். அக்காவும் வருகிறார், சேர்க்கை நோட்டின் நகல் என்னிடம். அவர் லோடு முடித்துவிட்டு நேரே அங்கே வந்துவிடுவதாகச் சொன்னார், நான் கேட்காமலேயே.