ஏற்காடு: நாலாவது தடவையில் கால் ஊன்றாமல்

சேலத்தில் சைக்கிள் ஓட்டுகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான் வரும்: “ஏற்காடு ஏறிட்டீங்களா?” ஒன்பது மாதமாக “பாதி ஏறியிருக்கேன்” என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கால் ஊன்றாமல் ஏரிக்கரை வரை போய்ச் சேர்ந்தேன். நாலாவது முயற்சி. அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. முந்தைய மூன்று தடவையும்தான் நடந்தது.

முதலில் என்னைப் பற்றி. வயது 43, எடை 78 கிலோ, நாளெல்லாம் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை. வண்டி பழையதாக வாங்கிய ரோடு பைக். முன்னால் 50 பல், 34 பல் என்று இரண்டு பல்சக்கரம், பின்னால் 8 பல்சக்கரங்களை அடுக்கிய கேசட், அதில் பெரியதில் 28 பல். இந்த எண்கள் பின்னால் தேவைப்படும்.

பாதையைத் தெரியாதவர்களுக்காக: கோரிமேடு தாண்டி அடிவாரச் சோதனைச்சாவடியில் ஏற்றம் தொடங்கும். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை உண்டு. சாவடியிலிருந்து ஏரி வரை என் மீட்டரில் 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் காட்டியது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. சராசரி சரிவு 5, 6 சதவீதம்தான். காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். காகிதத்தில் ஏறுகிறவர்களுக்கு மூச்சு இரைக்காது.

மார்ச்: 9ஆம் வளைவு

எங்கள் கோஷ்டி சிறியது. மருந்துக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர், இன்ஜினியரிங் படிக்கும் தம்பிகள் இருவர், நான். அதிகாலை 5 மணிக்குக் கோரிமேட்டில் டீ, 5:20க்குப் புறப்பாடு.

சாவடி தாண்டியதும் தம்பிகள் பேசிக்கொண்டே ஏறினார்கள். நானும் பேசிக்கொண்டே ஏறினேன். மீட்டரில் 13, 14 கிலோமீட்டர் வேகம். அட, இவ்வளவுதானா என்று கூடத் தோன்றியது. நாலாவது வளைவில் பேச்சு நின்றது. ஆறாவதில் தம்பிகள் கண்ணில் இல்லை. ஒன்பதாவதில் இடது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிப் பிடித்துக்கொண்டது. பெடலிலிருந்து காலை எடுப்பதற்குள் வண்டி சாய, ஓரச் சுவரைக் கையால் பிடித்து நின்றேன். பின்னால் வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து “ஐயோ பாவம்” என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனேன். பிறகு திரும்பிவிட்டேன்.

ஜூன்: 14ஆம் வளைவு, ஒரு குரங்கு

இரண்டாவது தடவை மெதுவாகத்தான் தொடங்கினேன். ஆனால் முதல் நாள் ராத்திரி கல்யாண வீட்டில் சாப்பிட்ட தெம்பு இருக்கிறது என்று காலையில் டீயோடு கிளம்பியது தப்பு. 12ஆம் வளைவில் கை நடுங்க ஆரம்பித்தது. கண் முன்னால் சாலை இருக்கிறது, ஆனால் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை போல ஒரு மந்தம். இது மூச்சு வாங்குவது போல் இல்லை, உடம்பில் சர்க்கரை தீர்ந்துபோகிற நிலை. இது வந்த பிறகு சாப்பிட்டால் உடனே பலன் கிடைக்காது, வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே சாப்பிட்டிருக்க வேண்டும் என்று வங்கி அக்கா பிறகு சொன்னார்.

சரி என்று 14ஆம் வளைவில் இறங்கி, ஹேண்டில்பார் பையைத் திறந்து, கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை வெளியே எடுத்தேன். அவ்வளவுதான். சுவர்மேலிருந்து ஒரு குரங்கு இறங்கி, ஓடிக்கூட வரவில்லை, நடந்து வந்து, என் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டது. ரேஷன் கடையில் அட்டையைக் காட்டிச் சாமான் வாங்குகிறவர் போல அத்தனை உரிமையோடு. சுற்றுலா வருகிறவர்கள் காரை நிறுத்தி நிறுத்தித் தீனி போட்டுப் பழக்கியதன் பலன். இந்தப் பாதையில் சாப்பாட்டை முதுகுப் பையில் வையுங்கள், ஓட்டிக்கொண்டே சாப்பிடுங்கள், நின்று பிரிக்காதீர்கள்.

அன்றும் பாதி.

ஆடி: மேட்டூர்

இடையில் சமவெளியில் கொஞ்சம் தேறலாம் என்று ஓமலூர், மேச்சேரி வழியாக மேட்டூர் போனோம். போக வர 100 கிலோமீட்டருக்கு மேல். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மேச்சேரி தாண்டி நேரில் பார்த்தேன். மேற்கிலிருந்து நேரே முகத்தில் அடித்தது. சமதரையில் 16 கிலோமீட்டர் வேகத்துக்கே நாக்குத் தள்ளியது. ஒருவர் பின்சக்கரத்தை ஒட்டி இன்னொருவர் போய், ஒரு கிலோமீட்டருக்கு ஒருவராக முன்னால் மாறி மாறிக் காற்றை வாங்கினோம்.

மேட்டூரில் மீன் வறுவல் சாப்பிட்டோம். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டது வேறு. எதிர்காற்றும் மலை மாதிரிதான்: வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓட்டினால் எத்தனை நேரம் வேண்டுமானாலும் ஓட்ட முடிகிறது. மீட்டரில் வேகம் தெரியாதபடி திரையை மாற்றி வைத்தது அன்றிலிருந்துதான்.

கேசட் கணக்கு

என் கால்தான் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்துக் கடை அண்ணன் ஒரு நாள் என் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதை வெச்சுக்கிட்டா ஏறினீங்க? பல்லை மாத்துங்க முதல்ல, காலை அப்புறம் குறை சொல்லலாம்.”

கணக்கு எளிது. முன்னால் 34, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 2.55 மீட்டர் நகரும். பின்னால் 32 போட்டால் 2.24 மீட்டர். ஏற்றத்தில் என்னால் நிலையாகப் போக முடிந்த வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குப் பழைய கேசட்டில் நிமிடத்துக்கு 52 சுற்று, புதியதில் 60 சுற்று. எட்டுச் சுற்று என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். ஏறுகிற உயரம் ஒன்றுதான், செலவாகும் சக்தியும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சக்தியை அதிகச் சுற்றில் பங்கிட்டுக் கொடுக்கும்போது ஒவ்வொரு மிதிக்கும் தொடையில் விழும் பளு குறைகிறது. 100 கிலோ மூட்டையை ஒரே நடையில் தூக்குவதற்கும் இரண்டு நடையாகத் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம். என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதற்கு அந்த ஒரே நடைதான் காரணம்.

மெக்கானிக் கடையில் முதலில் பின் டிரெயிலியர், அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி, 32 பல்லைத் தாங்குமா என்று பார்த்தார்கள். தாங்கும். செயினும் புதிதாகக் கொஞ்சம் நீளமாகப் போட வேண்டியிருந்தது. கேசட் வாங்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

செப்டம்பர்: மேலே போனேன், கீழே பயந்தேன்

மூன்றாவது தடவை மூன்று இடத்தில் இறங்கினேன், ஆனாலும் போய்ச் சேர்ந்தேன். 2 மணி 47 நிமிடம். வழியில் ஒரு விஷயம் பிடிபட்டது. நாம் சாலையின் இடப்பக்கம் போகிறோம். அதனால் வலதுபக்கம் திரும்பும் வளைவில் நமக்கு வெளி வட்டம். தூரம் அதிகம், சரிவு குறைவு, ஏறக்குறைய ஓய்வு. இடதுபக்கம் திரும்பும் வளைவில் உள் வட்டம். தூரம் குறைவு, ஏற்றம் சுவர் மாதிரி. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். வளைவுக்குள் போய்க் குறைத்தால் செயின் கடகடவென்று அலறும். இது தெரிந்த பிறகு வளைவுகளை வலது, இடது என்று எண்ண ஆரம்பித்தேன். வலது வந்தால் தண்ணீர் ஒரு வாய், இடது வந்தால் வாயை மூடிக்கொண்டு மிதி.

பஸ்கள் வளைவில் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஹாரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்று வழிவிடுவதில் வெட்கமில்லை. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. விதியை நம்பி நடுவில் போகிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

இறக்கம்தான் அன்றைய பாடம். என் வண்டியில் டிஸ்க் கிடையாது, ரிம்மைப் பிடிக்கிற பிரேக். பயத்தில் இரண்டு பிரேக்கையும் விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் ரப்பர் கருகும் வாடை. நின்று, முன்சக்கர ரிம் சூடாகிவிட்டதா என்று ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தேன். தோசைக் கல்லில் வைத்த மாதிரி இருந்தது. விரல் நுனியில் கொப்புளம். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் உள்ளே டியூப் வெடித்திருக்கலாம், அதுவும் முன்சக்கரத்தில்.

பத்து நிமிடம் நிழலில் வண்டியை ஆற விட்டேன். அதற்குள் மேலிருந்து வந்த அண்ணன் சொல்லிக்கொடுத்தார்: இழுத்துப் பிடித்துக்கொண்டே வரக்கூடாது. நேர் சாலையில் விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிட வேண்டும். விட்ட நேரத்தில் காற்று ரிம்மை ஆற்றும். பார்வை நமக்கு முன்னால் இருக்கும் குழியில் இல்லாமல் வளைவு முடிகிற இடத்தில் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்த்தேன். கறுப்பு ரப்பருக்குள் மினுமினுவென்று அலுமினியத் துணுக்குகள், ரிம்மிலிருந்து சுரண்டி எடுத்தவை. மனைவியின் தைக்கிற ஊசியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தேன். முன் பிரேக்கில் மட்டும் பதினொன்று. பிறகு உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். அன்றிலிருந்து மலை இறங்கினால் மறுநாள் ஷூவைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஊசி திருப்பித் தரப்படவில்லை என்ற வழக்கு வீட்டில் நிலுவையில் இருக்கிறது.

டிசம்பர்

அக்டோபர், நவம்பர் முழுக்க மழை. அந்த நாட்களில் மலைப்பாதையில் மண்ணும் கல்லும் சரிந்து வருவது உண்டு, போக்குவரத்தை நிறுத்தி வைப்பதும் உண்டு. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

போன ஞாயிறு வானம் தெளிந்திருந்தது. 4:15க்கு இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம். புறப்பட்டதிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும், ஒரு கடலை மிட்டாய் அல்லது இரண்டு பேரீச்சம்பழம். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை. டயரில் காற்றும் குறைவாக: முன்பெல்லாம் 110 பிஎஸ்ஐ அழுத்தம் வரை அடிப்பேன், இப்போது 85. கல்லுக் கல்லுக்கு உதறுவது நின்றது.

முதல் ஐந்து வளைவை எவ்வளவு மெதுவாக ஓட்டினேன் என்றால், நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் கொஞ்ச தூரம் எனக்குப் பக்கத்திலேயே பேசிக்கொண்டு வந்தார். தம்பிகள் “அண்ணா, மேல பாக்கலாம்” என்று போய்விட்டார்கள். போகட்டும். முழு வாக்கியமாகப் பேச முடிகிற மூச்சில்தான் பத்தாவது வளைவு வரை ஓட்டுவது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை. பேச ஆள் இல்லாதபோது பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். பதினாறேழு நூற்றுப் பன்னிரண்டில் தடுமாறியது மூச்சினால் இல்லை, பள்ளிக்கூடத்திலேயே அப்படித்தான்.

ஒன்பதாம் வளைவின் சுவரைப் பார்த்தேன். பதினாலில் குரங்கைக் காணோம். பதினைந்துக்கு மேல் பனி இறங்கி, சில்வர் ஓக் மரங்களில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பதினேழில் தொடை எரிந்தது, வலது வளைவில் ஆறியது, பதினெட்டில் மறுபடி எரிந்தது. இருபதோடு முடிந்துவிட்டது என்று நினைத்து மூச்சைச் செலவழித்துவிடாதீர்கள், அதற்குப் பிறகும் ஊர் வரை மிதிக்க வேண்டும். ஏரி தெரிந்தபோது 2 மணி 19 நிமிடம். எந்த இடத்திலும் கால் ஊன்றவில்லை. தம்பிகள் ஏற்கெனவே இரண்டாவது பிளேட் மிளகாய் பஜ்ஜியில் இருந்தார்கள். வங்கி அக்கா எனக்கு ஐந்து நிமிடம் பின்னால் வந்து, சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, “வேகம் போதாது, ஆனா நீங்க இன்னைக்கு அழகா ஓட்டினீங்க” என்றார். என்னை முந்த முடியாதவர் சொன்ன விமர்சனம் என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறேன்.

மேலே சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர் அதிகம் இருந்திருக்கும். வியர்வையில் நனைந்த பனியனோடு இறங்கினால் நெஞ்சில் காற்று அறைந்து விரல் மரத்துவிடும், பிரேக் பிடிக்க வராது. டீக்கடையில் அன்றைய பேப்பர் ஒன்று வாங்கி, இரண்டாக மடித்து ஜெர்சிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். இது சைக்கிள் பந்தயக்காரர்களின் பழைய உத்தி. காகிதம் காற்றை உள்ளே விடாது. பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்கினேன். பாதியில் நின்று ரிம்மைத் தொட்டேன், இந்தத் தடவை பட்டும் படாமலும் புறங்கையால். வெதுவெதுப்பு மட்டும்.

வீட்டில் ஜெர்சியைக் கழற்றியபோது பேப்பர் கூழாகி இருந்தது. அச்சு மை வெள்ளைப் பனியனில் அப்படியே ஒட்டியிருந்தது, தலைகீழாக இல்லை, இடவலமாக. மனைவி என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, நெஞ்சில் எழுதியிருந்ததை வாசித்தார். அன்றைய வெள்ளி விலை.