99.8

மலேசியாவின் சுபாங் விமான நிலையத்தில், விமானங்களைப் பழுது பார்க்கும் எங்கள் ஹேங்கருக்கு மேலே விமானப் படையின் சி-130 சரக்கு விமானம் கிளம்பிப் போகும்போது கையிலிருக்கும் ஸ்பேனரை வைத்துவிட்டுக் காது கொடுப்பேன். நான்கு எஞ்சின்களும் ஒரே சுருதியில் இருந்தால் ஒற்றைச் சத்தமாகக் கேட்கும். ஒன்று கொஞ்சம் பின்தங்கினாலும் ‘ஊம்… ஊம்…’ என்று ஏறி இறங்கும். அதில் இருக்கும் டி56 எஞ்சின் பறக்கும்போது எப்போதும் 100 சதவீத வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 13,820 சுற்றில், ஓடவேண்டும். கூடுதல் சக்தி கேட்டால் எரிபொருள் கூடும், புரொப்பெல்லர் தகடுகளின் சாய்வு மாறும், வேகம் மாறக்கூடாது. அதனால் ஒரு சதவீதக் குறைவு எங்களுக்குச் சின்ன விஷயமே இல்லை.

2018 மே 2-ஆம் தேதி அமெரிக்காவின் சவானா நகரில் விழுந்த போர்ட்டோ ரிக்கோ விமானப் படைப் பிரிவின் டபிள்யூசி-130எச் என்ற சி-130 வகை விமானம் பற்றிய விசாரணை முடிவைப் பலமுறை படித்திருக்கிறேன். சேவையிலிருந்து நிரந்தரமாக ஓய்வு கொடுப்பதற்காக அந்த விமானத்தை அரிசோனாவுக்குக் கொண்டுபோனார்கள். ஓடுபாதையிலேயே முதல் எஞ்சின் தடுமாறியது; மேலே எழும்பியதும் அணைத்தார்கள். இடது ஓரத்து எஞ்சின் நின்றால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வாலில் இருந்து மூக்கைத் திருப்பும் ரடரை வலப்பக்கம் மிதித்துப் பிடிக்க வேண்டும். விமானமோ இடப்பக்கமே திரும்பியது, ரடரும் 9 டிகிரி இடப்பக்கம். இடது இறக்கை தாங்கும் சக்தியை இழந்து, விமானம் நெடுஞ்சாலையில் விழுந்தது. உள்ளே இருந்த 9 பேரும் போய்விட்டார்கள்.

விமானியின் காலைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். அந்தத் தவறு உண்மைதான். ஆனால் என்னை உறுத்துவது அதற்கு முந்தைய பகுதி. அந்த எஞ்சினின் வேகக் கோளாறு முன்பே தெரியும். பழுது பார்த்தவர்கள் சுழல் வேகத்தை அளக்கும் துல்லியமான டாக்கோமீட்டரை வைத்து அளக்கவில்லை, காக்பிட்டில் இருக்கும் மீட்டரின் முள்ளைப் பார்த்தார்கள். 99.8 சதவீதத்துக்கும் 100.2 சதவீதத்துக்கும் இடையில் நிற்கவேண்டிய வேகம் அந்த அளவை எட்டவேயில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். விமானிக்கு இருந்தது ஓரிரு நிமிடம். தரையில் நின்றவர்களுக்கு நாள்கணக்கில் நேரம் இருந்தது. அதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் நானும் அப்படி ஒரு இரவு கையெழுத்துப் போட்டவன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருடம், நைட் ஷிப்ட். சிறிய டர்போபிராப் விமானம், காலை ஏழு மணிக்குக் கிளம்பவேண்டும். டாக்கோமீட்டர் பக்கத்து ஹேங்கரின் அலமாரியில், சாவி வைத்திருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார். முள் கிட்டத்தட்ட சரியான இடத்தில் நின்றது. வேலை முடிந்தது என்று கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு செந்தூலில் வீட்டுக்கு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை. ‘கிட்டத்தட்ட’ என்ற சொல் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நாலரை மணிக்கு போனை எடுத்து, ஹேங்கரில் இருந்த மூத்த அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, அந்த விமானத்தை விடாதீங்க. நான் கருவி வச்சுப் பார்க்கல.”

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “சரி தம்பி, கிளம்பி வா” என்றார்.

விமானம் மூன்று மணி நேரம் தாமதமானது. மேலாளர் கத்தினார். அளந்து பார்த்தால் வேகம் சரியாகத்தான் இருந்தது. அண்ணன் கார்டை என் முன்னால் நகர்த்தி, என் பழைய கையெழுத்தின்மேல் ஒற்றைக் கோடு போடச் சொன்னார். கீழே மறுபடி கையெழுத்துப் போட்டேன், இந்த முறை பக்கத்தில் டாக்கோமீட்டரின் எண்ணையும் எழுதி.