சாத்யாத் காயலோரம், சித்தியோடு

சித்தி கொச்சிக்கு வந்து இருபத்தாறு வருஷமாகிறது. வாத்துருத்தி தமிழ்க் காலனியில் வீடு. முதலில் கட்டட வேலை, இப்போது நாலு வீட்டில் பாத்திரம். அங்கே எந்தத் திசையில் நடந்தாலும் கொஞ்ச தூரத்தில் தண்ணீர்தான். ஆனால் ஒரு பக்கம் கடற்படை, இன்னொரு பக்கம் துறைமுகம். கண்ணில் படுவதெல்லாம் மதிலும் கம்பிவேலியும். "பஸ்ஸுல பாலத்து மேல போறப்ப பாத்ததுதான் கண்ணு. ஒக்காந்தெல்லாம் பாத்ததில்ல" என்றார். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து போயிருந்த எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே குயின்ஸ் வாக்வேக்குக் கூட்டிப்போனேன்.

ஹைகோர்ட் பக்கம் பஸ் இறங்கி, கோஸ்ரீ பாலத்தில் ஏறாமல் வடக்கே நடந்தால் சாத்யாத் ரோடு. ரோட்டை ஒட்டிக் காயல், காயலை ஒட்டி நடைபாதை. டிக்கெட் கிடையாது. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நடக்க நடக்க மேற்கே வெயில் இறங்கிக்கொண்டே வரும். எதிரே முளவுகாடு தீவு. 2004-இல் இந்தக் கோஸ்ரீ பாலங்கள் வருவதற்கு முன்னால் வைப்பின் தீவுக்காரர்களுக்கு இங்கே வரப் படகுதான் வழி. இப்போது வாட்டர் மெட்ரோ படகு சத்தமே இல்லாமல் போகிறது, பேட்டரியில் ஓடுவதால்.

சித்தி அதையெல்லாம் பார்க்கவில்லை. கரையோரம் மிதந்து வந்த ஒரு பச்சைத் திட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதாப் பூ ரெண்டு, மேலே ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.

"நம்ம ஊர்க் கொளத்து ஆகாயத்தாமரைதானே?"

"அதேதான் சித்தி. மழைத்தண்ணியோட பெரியாத்துல வர்றது. கோடையில கடலுப்பு ஏறுனா அழுகிப் போயிரும்."

"பெரியாறா? நம்ம தேக்கடிப் பெரியாறா?"

ஆமாம் என்றதும் முகம் மலர்ந்துபோனது. தெரிந்தவர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்போல, செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் ஒதுக்கிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. சுற்றிலும் அடுக்குமாடிகள், அங்கே ஒரு ஜன்னலுக்குக் காயல் தெரிந்தாலே விலை ஏறிவிடும். அதே காயலைச் சித்தி காலை மடக்கி உட்கார்ந்து பார்க்கிறார். ஒரு நகரம் தன் நீர்க்கரையை விற்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான் என்று எனக்குப் பட்டது.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பையனுக்கு ஒரு கரிமீன் மாட்டியது, உள்ளங்கை அகலம். சித்தி தமிழில் கேட்க, அவன் மலையாளத்தில் சொல்ல, புளி போடுவதா குடம்புளி போடுவதா என்று பேச்சு நீண்டது.

இருட்டிய பிறகும் எழவில்லை. போனை எடுத்துக் காலனியில் பக்கத்து வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டார்: "நாளைக்கு வேலை முடிச்சு வெரசா வா. ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."