பந்தலூர் வாத்துகளும் ஓர் ஐஸ் பெட்டியும்

“நன்றாகத் தின்று முட்டையிடும் வாத்துக்கு எதற்குச் சோதனை, தம்பி?” என்று நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர், கூடலூர் பக்கம் நான் போன வீடுகளில் எல்லாம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கால்நடை மருத்துவ மேற்படிப்புக்கு நான் எடுத்துக்கொண்ட ஆய்வே அதற்கான பதிலைத் தேடுவதுதான்: வயலோர வீடுகளில் வளரும் வாத்துகள் என்னென்ன வைரஸ்களைச் சுமக்கின்றன, அவற்றின் மரபணுக்கள் எவ்வளவு வேறுபடுகின்றன?

கோழிகளைச் சில நாட்களில் சாய்த்துவிடும் பறவைக் காய்ச்சல் வைரஸ், பல நேரங்களில் வாத்தின் குடலில் எந்த அறிகுறியும் காட்டாமல் பெருகி எச்சத்தோடு வெளியேறும். குளிர்ந்த நீரில் அது அதிக நாள் தாங்கும் என்பதால் மலைப்பகுதிக் குளங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கிறது. அதன் மரபுப்பொருள் 8 துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வகைகள் ஒரே வாத்தின் உடலில் சேர்ந்தால் துண்டுகள் இடம் மாறிப் புதிய வகை உருவாகலாம். ஆகவே, நோய் அறிகுறி இல்லாத வாத்தைத்தான் நான் தேடிப் போனேன்.

அனுமதிக் கடிதங்கள் தாமதமாகத்தான் வந்தன. அதைவிடக் கடினம், வளர்ப்பவர்களின் பயம். 2021 ஜனவரியில் ஆலப்புழையில் எச்5என்8 வகைப் பறவைக் காய்ச்சல் பரவி வாத்துகளை அழித்த செய்தி கேரள எல்லை ஓரத்தில் இருக்கும் இவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் வளர்ப்புப் பறவைகளை அழிப்பார்கள். நான் எதையும் மறைக்கவில்லை. “சந்தேகம் வந்தால் மாதிரி, நோயை உறுதி செய்யும் போபால் ஆய்வகத்துக்குப் போகும் அக்கா, அரசுக்குச் சொல்லியே ஆக வேண்டும்” என்றேன். சிலர் மறுத்தார்கள். மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

சம்மதித்த வீடுகளுக்குக் கூண்டு திறக்கும் முன்பே போய்விட வேண்டும். வயலில் இறங்கிய வாத்தைப் பிடிக்க யாராலும் முடியாது. வீட்டுக்காரர் சிறகுகளை உடலோடு அணைத்துப் பிடிப்பார். தொண்டையிலும் எச்சத்துவாரத்திலும் குச்சியால் துடைத்து எடுப்பேன். பிளாஸ்டிக் தண்டும் செயற்கை இழை நுனியும் உள்ள குச்சிதான் வேண்டும். மரத்தண்டிலிருந்து கசியும் பொருட்கள், வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனையைக் கெடுக்கும். வைரஸைக் காக்கும் திரவத்தில் குச்சியைப் போட்டு, 4 டிகிரி அளவில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். வீட்டு ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் மட்டும் வைக்கக் கூடாது. அந்தக் குளிரில் வைரஸ் மெல்லச் சிதையும். ஆய்வகம் போய்ச் சேர ஊட்டி வழியாகப் பஸ், மேட்டுப்பாளையத்தில் ரயில், மடியில் தெர்மாகோல் பெட்டி. மழைக்காலத்தில் மரம் விழுந்து பாதை அடைபட்டால் என் கண் ஐஸ் கட்டிகள் மேலேயே இருக்கும்.

முடிவுகளில் பறவைக் காய்ச்சல் எதிலும் இல்லை. சிலவற்றில், கோழிகளைக் கொல்லக்கூடிய கோழிக்கழிச்சல் நோயின் வைரஸ் இருந்தது. பதறிப்போனேன். அது வீரியமானதா என்பதை அந்த வைரஸின் எஃப் எனும் மரபணுவின் ஒரு சிறு பகுதியே காட்டிவிடும். வரிசையைப் படித்ததும் தெரிந்தது: அது கோழிகளுக்குக் கொடுக்கும், வீரியம் குறைந்த லசோட்டா தடுப்பு மருந்தின் வைரஸையே ஒத்திருந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்தது வாத்துக்கும் வந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. வாத்தும் கோழியும் ஒரே தண்ணீரில் வாய் வைப்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரு தடயம் அது.

வீடு வீடாகப் போய் முடிவைச் சொன்னேன். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்த பிறகு அதே கூண்டுகளில் மறுபடியும் மாதிரி எடுக்க வேண்டும். முன்பு மறுத்த ஓர் அக்கா இம்முறை தன் வாத்துகளையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.