கடாரம் நோக்கி ஒரு குடும்பப் பயணம்

வரும் பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து காரில் புறப்பட்டு, பினாங்கில் இரண்டு இரவுகள் தங்கி, அங்கிருந்து கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். முதலாம் இராசேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரத்தின், அதாவது இன்றைய கெடாவின், மண்ணில் என் பிள்ளைகள் ஒருநாளாவது நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மெர்போக் அருங்காட்சியகத்தை ஒட்டிய புக்கிட் பத்து பகாட் சண்டி என்னும் பழங்காலக் கோவிலில், கருவறை விமானத்தின் கல் அடித்தளமும், அதன் முன்னே மண்டபத்தின் மரத்தூண்களைத் தாங்கிய கற்களும் இன்றும் எஞ்சியிருக்கின்றன. அந்தக் கற்களைக் காட்டித்தான் கூரை எப்படி நின்றிருக்கும் என்று விளக்கப்போகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், வெயில் ஏறுமுன் காலையிலேயே அங்கே போய்விடுவோம். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோவிலையும், இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் மாலையில் நடந்தே பார்த்துவிடலாம்.