படுக்கிற விரிப்பைச் சுவரில் தொங்கவிட்ட கதை

குயில்ட் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அது வெறும் சேலை விரிப்பு. பழைய நூல் சேலை மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கையாலேயே ஓட்டுத் தையல் ஓட்டினால் விரிப்பு ஆகிவிடும். கைப்பிள்ளையைக் கிடத்த, பாய்மேல் போட, வாடை அடிக்கும் மாதங்களில் போர்த்திக்கொள்ள எல்லாவற்றுக்கும் அதுதான். என் மாமியார் தைத்த விரிப்பில்தான் என் மகள் தவழ்ந்தாள்.

கல்லூரியில் படிக்கிற அந்த மகள்தான் ஒருநாள் போனை நீட்டினாள். சென்னையில் ஒரு குயில்ட் கண்காட்சி, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், பலர் சேர்ந்து செய்ததற்குத் தனிப் பிரிவு உண்டு என்றாள். விதிமுறையைப் படித்துச் சொல்லச் சொன்னேன். மேல் துணி, நடுவே ஓர் அடுக்கு, அடித் துணி என்று மூன்று அடுக்கு இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல் வேண்டும். பின்பக்கம் மேல் ஓரத்தில் கம்பி நுழைக்க 4 அங்குல உறை தைத்திருக்க வேண்டும். சுவரில் தொங்கவிடுவார்கள்.

கடைசி வரியைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த ஒன்பது மாதப் பாடும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. தரையில் கிடக்கிற துணிக்குக் கோணல் தெரியாது. ஓரம் கொஞ்சம் அலையடித்தாலும் மேலே ஆள் படுத்தால் சரியாகிவிடும். தொங்கவிட்டால் அத்தனை பிசகும் வெளியே வந்துவிடும்.

சித்திரையில் ஆரம்பித்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற என் வீட்டுக்காரர் அப்போது கரையில்தான் இருப்பார், வீட்டில் ஆள் பலம் உண்டு.

முதல் வேலை சேலை பொறுக்குவது. வீட்டில் இருந்ததோடு மதினி வீட்டிலிருந்தும் ஒரு மூட்டை வந்தது. பரமக்குடி நூல் சேலைகள், இரண்டு சுங்குடி, ஒரு கண்டாங்கி. பழைய சேலையில் எந்த இடம் உரமாக இருக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் போனது. தோளில் கிடக்கிற பாகம் வெயிலும் வேர்வையும் பட்டு இற்றுப்போயிருக்கும். கொசுவத்தின் கீழ் ஓரம் தரையில் உரசித் தேய்ந்திருக்கும். இடுப்பில் முதல் சுற்றாகச் செருகுகிற உள்பாகம் மட்டும் புதுத்துணி மாதிரி இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்த்து, இழை விலகினால் ஒதுக்கிவிட்டோம். எட்டு சேலையில் மூன்று சேலை அளவுதான் தேறியது.

அப்புறம் சாயம். ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டால் தெரிந்துவிடும். அரக்குச் சேலை ஒன்று வெள்ளையில் அப்படியே இறங்கியது. எனக்கு மிகவும் பிடித்த நிறம், ஆனாலும் எடுத்து வைத்துவிட்டேன். வெளிர் துணிக்குப் பக்கத்தில் அதைத் தைத்து ஒருமுறை நனைத்தால் மொத்தமும் போய்விடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் துணி விறைப்பாகிவிடும் என்பதால் குடம் குடமாக நல்ல தண்ணீர் வாங்கித்தான் அலசினோம். செலவுக் கணக்கில் நூலைவிடத் தண்ணீர்தான் அதிகம்.

டிசைன் மகளுடையது. சதுரத்தைக் குறுக்கே பாதியாக்கி ஒரு பக்கம் வெளிர், ஒரு பக்கம் அடர் நிறம். "அப்பத்தா சொல்ற வத்தைப் பாய் மாதிரி இருக்கும்மா" என்றாள். என் மாமனார் காலத்தில் பாய் கட்டிய வத்தையில்தான் கடலுக்குப் போனார்கள். முக்கோணங்களை ஒரே திசையில் அடுக்கினால் காற்று வாங்கிப் போகிற பாய்மாதிரியேதான் இருந்தது.

முக்கோணமாக வெட்டித் தைக்காதீர்கள். நான் முதலில் அப்படிச் செய்து 20 துண்டு வீணாக்கினேன். குறுக்கே வெட்டிய துணி தொட்டாலே நீளும். கிராஸ் பட்டி வெட்டிய எல்லாருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும், இருந்தும் செய்தேன். சரியான முறை இதுதான்: 5 அங்குலச் சதுரம் இரண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, அப்புறம் கோட்டில் வெட்ட வேண்டும். ஒரே தடவையில் இரண்டு கட்டம் கிடைக்கும். பிரித்து இஸ்திரி போட்டு நாலரை அங்குலத்துக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் துணிக்குச் சோற்றுக்கஞ்சி போட்டுவிட்டால் காகிதம் மாதிரி நிற்கும். கஞ்சி யோசனை மதினியுடையது. அதற்குப் பிறகு ஒரு துண்டுகூட வீணாகவில்லை.

வெளிர் 90, அடர் 90 என்று வெட்டி 180 கட்டம் எடுத்தோம். வரிசைக்கு 12 வீதம் 15 வரிசை. தைத்து முடித்தபோது 48க்கு 60 அங்குலம். நானும் மதினியும் மாறி மாறி மிதி மிஷினில் உட்கார்ந்தோம். ஆடி பிறப்பதற்குள் மேல் துணி தயார். கொடியில் போட்டுப் பார்த்தோம். நடு இறுக்கமாகவும் இரண்டு ஓரமும் பாவாடை மாதிரி அலையடித்தும் நின்றது. அளந்தால் ஓரம் 61½ அங்குலம், நடு 60.

நான் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிடலாமா என்று நின்றுகொண்டிருந்தேன். திண்ணையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "வலையை இப்படியா கட்டுவோம்? நூறு பாகம் வலையை அம்பது பாகம் கயித்துலதான் ஏத்துவோம். கயிறு சொன்னபடி வலை நிக்கணும். வலை சொன்னபடி கயிறு போனா தண்ணியில நிக்காது."

பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். இதைக் கேட்டதும் எனக்குச் செய்ய வேண்டியது தெரிந்துவிட்டது. ஓரத்துக்கு வைக்கிற பட்டியை ஓரத்தின் அளவுக்கு வெட்டக் கூடாது, நடுவின் அளவுக்கு வெட்ட வேண்டும். 60 அங்குலப் பட்டியை நான்காக மடித்துக் குறி வைத்து, துணியின் ஓரத்தையும் நான்காக மடித்துக் குறி வைத்து, குறியோடு குறி சேர்த்து ஊசி குத்திக்கொண்டு, மிச்சமிருக்கிற தொய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கித் தைத்தோம். அலை அடங்கிவிட்டது. நாலு பக்கமும் 3 அங்குலப் பட்டி சேர்ந்து 54க்கு 66 ஆனது. தையல் படித்தவள் நான். 20 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். தொங்குகிற பொருளின் கணக்கு எனக்குத் தெரியவில்லை, வலைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

நடு அடுக்குக்குக் கடையில் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு கிடைக்கிறது. எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு அது ஆகாது என்று பழைய வேட்டிகளை இணைத்துப் போட்டோம். அடித் துணி இரண்டு கைலி. அடுக்கும்போது அடித் துணியைத் தரையில் இழுத்து ஒட்டிக்கொண்டு, அதன்மேல் வேட்டி, அதன்மேல் மேல் துணி. நகராமல் இருக்க ஊக்கு குத்தினேன். பெரிய தப்பு.

அது ஐப்பசி. அடைமழை பிடித்துக்கொண்டது, மதினிக்கும் உடம்பு முடியவில்லை. சுருட்டி வைத்தது மூன்று வாரம் அப்படியே கிடந்தது. கடற்காற்றில் ஜன்னல் கம்பியே வருடத்துக்கு வருடம் உரிகிற ஊரில், இரும்பு ஊக்கைத் துணியில் குத்தி வைக்கலாமா? பிரித்துப் பார்த்தபோது ஊக்கு இருந்த இடமெல்லாம் காவிப் புள்ளி. எண்ணினேன், 34. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

எலுமிச்சைச் சாறும் பொடித்த உப்பும் சேர்த்துப் புள்ளிமேல் வைத்து, வெயில் வந்த நேரமெல்லாம் காயவைத்து, நல்ல தண்ணீரில் அலசினோம். மூன்று தடவை செய்ததில் பெரும்பாலும் போய்விட்டது. மூன்று இடத்தில் கறையோடு துணியும் இற்றுவிட்டது. அந்த இடங்களில் சின்னச் சின்ன முக்கோணம் வெட்டி ஒட்டுப் போட்டாள் மகள். தூரத்தில் போகிற வத்தைகள் போல அவை நன்றாகவே அமைந்துவிட்டன. பிறகு ஊக்கை எடுத்தெறிந்துவிட்டு, ஒரு சாண் இடைவெளியில், பிறகு பிரித்தெடுக்கிற கச்சாத் தையல் ஓட்டினோம். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் முதலிலேயே கச்சாத் தையல் போட்டுவிடுங்கள்.

இனிமேல்தான் அயித்தையின் வேலை. எனக்கு மாமியார். 40 வருடம் கடலில் பாசி எடுத்தவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றுகிற நாட்களில் மூழ்கி, பாறையைக் கீறி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற வேலை. பாறை அறுக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொள்வார்கள். தையலுக்கும் அதே மாதிரிதான் சுற்றிக்கொண்டார். நான் வாங்கி வைத்த உலோக விரலுறையைத் தொடவே இல்லை.

எங்கே ஆரம்பிப்பது என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அயித்தை எப்போதும் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போவார். வட கர்நாடகக் காட்டுப் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தி என்ற ஒட்டுத்துணி விரிப்பும் அப்படித்தான் ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆக, அயித்தை சொன்னது தவறான முறை இல்லை. ஆனால் எங்களுடையதில் மேல் துணி முழுதாகத் தைத்து முடித்தது. ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் போய்ச் சேர்ந்துவிடும், வெளியே தள்ள வழி இருக்காது. ஒரு பழைய துண்டில் இரண்டு விதமாகவும் தைத்துக் காட்டினேன். தடவிப் பார்த்தார். "சரி தாயி, நடுவுலேர்ந்தே போவோம்" என்றார்.

தடித்த நூலைத் தேன்மெழுகில் ஓட்டிவிட்டால் சிக்கு விழாது. முடிச்சை மேல் துணிக்குள் சுண்டி இழுத்து மறைத்துவிட வேண்டும். மார்கழி விடியற்காலைகளில் வாசலில் உட்கார்ந்து அயித்தை ஒரு முனை, நான் ஒரு முனை என்று தைத்தோம். அவர் தையலையும் என் தையலையும் இப்போது பார்த்தாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். அவருடையது சின்னது, ஒரே சீர். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் போட்டதுதான் ஏறியும் இறங்கியும் இருந்தது.

மூன்று அடுக்கின் ஓரத்தையும் சேர்த்து மூடுகிற விளிம்புப் பட்டி, கம்பி நுழைக்கிற உறை இரண்டையும் நான் பார்த்துக்கொண்டேன். உறையைத் தட்டையாக ஒட்டித் தைத்தால் கம்பி நுழைத்ததும் முன்பக்கம் புடைக்கும். கொஞ்சம் தொய்வு விட்டு, அடித் துணியையும் வேட்டியையும் மட்டும் பிடித்துத் தைக்க வேண்டும். முன்பக்கம் ஊசி தெரியக் கூடாது.

போட்டோவுக்கு ஒரு நாள் முழுக்க அலைந்தோம். நாலு மூலையும் தெரிய நேராக எடுத்து அனுப்ப வேண்டும். பகலில் காற்று விடவில்லை. மறுநாள் விடியலில், காற்று எழும்புவதற்கு முன்னால், வலை காயப்போடுகிற கம்பில் கட்டி எடுத்தாள் மகள். விண்ணப்பத்தில் செய்தவர் பெயர் என்ற இடத்தில் ஐந்து பேர் பெயரையும் போட்டாள். பின்பக்கத் துண்டிலும் ஐந்து பெயரையும் நூலால் எழுதினோம். "ஊக்கு குத்தினவளுக்கும் பேரா?" என்று அயித்தை கேட்டார். வலைக் கணக்கு சொன்னவருக்கும், கஞ்சி போட்டவளுக்கும், எல்லாருக்கும்தான் என்றேன்.

மடித்தால் மடிப்புத் தடம் விழும். பிவிசி குழாயில் வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் குயில்ட்டின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, ராமநாதபுரத்தில் சேது எக்ஸ்பிரஸில் ஏறினோம். அயித்தையும் வந்தார். மேல் பெர்த்தில் குழாயைக் கிடத்திவிட்டு மகள் ஓரமாக ஒடுங்கிப் படுத்துக்கொண்டாள்.

கண்காட்சிக் கூடத்தில் எங்களுடையதைப் பார்த்ததும் நான் ஓரத்தைத்தான் பார்த்தேன். நேராகத் தொங்கியது. என் வயிற்றில் இருந்த கல் இறங்கியது. அங்கே யாரும் துணியைத் தொடக் கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் நிற்பார்கள், கேட்டால் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள். அயித்தை பழக்கத்தில் கையை நீட்டிவிட்டார். ஓடிவந்த பெண்ணிடம் மகள் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் கையுறையோடு அடித் துணியைத் திருப்பி, "பாட்டி, எதெல்லாம் உங்க தையல்?" என்று கேட்டாள். அயித்தை விரலால் தொடாமல் காற்றிலேயே கோடு போட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

பரிசு வரவில்லை. நடுவர்கள் குறிப்புத்தாள் ஒன்று கொடுத்தார்கள். கைத்தையல் மிக நன்று, நிறச் சேர்க்கை நன்று, கீழ் வலது மூலை செங்கோணமாக இல்லை, விளிம்புப் பட்டிக்குள் இரண்டு இடத்தில் உள்துணி நிரம்பாமல் வெறுமையாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றும் உண்மை. அந்த மூலை பொங்கலுக்கு முந்தின நாள் இரவு நான் அவசரமாகத் தைத்தது.

ஊருக்கு வந்த மறுநாளே அந்த மூலையைப் பிரித்துவிட்டோம். மூலைமட்டம் வைத்துத் திரும்ப நறுக்கி, பட்டிக்குள் ஓரம் முழுக்க நிரம்பும்படி அயித்தை கையால் மூடினார். இப்போது அடுத்ததற்குச் சேலை பொறுக்கிக்கொண்டிருக்கிறோம். தடைக்காலம் தொடங்க இன்னும் 20 நாள் இருக்கிறது. ஓரப் பட்டியை இந்தத் தடவை தானே அளந்து தருவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.